மேல்மாடி வாடகைக்கு

வெர்டெல் கேதர் லான்சோவை முதன்முதலில் போனில் கூப்பிட்டது வீடு விற்க அல்ல, திட்டித் தீர்க்க.

“மஞ்சப் பலகை வச்சது நீதானா?”

“ஆமாங்க. வீடு ஏதாச்சும் குடுக்கிற எண்ணம் இருந்தா...”

“எண்ணம் இருக்கு. பலகையப் புடுங்கி உன் மண்டையில நடுற எண்ணம். என் புல்லுல குத்த உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா? சாயங்காலத்துக்குள்ள வந்து எடுத்துட்டுப் போ.”

விலாசத்தைச் சொல்லிவிட்டு டக்கென்று வைத்துவிட்டாள்.

லான்சோவுக்குக் கோபம் வரவில்லை. ‘வீடு வாங்குகிறோம், ரொக்கம், எந்த நிலையில் இருந்தாலும்’ என்று தன் கையாலேயே எழுதி, டொலீடோ நகரத்தின் வடக்குப் பக்கம் முழுக்க நாற்பது பலகை குத்தி ஐந்து வாரமாகியிருந்தது. வந்த போன் ஆறு. நான்கு பேர் திட்டினார்கள். ஒருவன் வேலை கேட்டான். ஒருவன் மூச்சு மட்டும் விட்டான். ஆனால் திட்டுகிறவளிடம் வீடு என்று ஒன்று இருக்கிறதே. அதுவே பெரிய விஷயம்.

டயர் கிடங்கில் வேலை முடிந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு காரில் ஏறி, அவள் தெருவுக்குப் போனான். இடப்பக்க வீட்டுக்கும் வலப்பக்க வீட்டுக்கும் ஜன்னலில் பலகை அடித்திருந்தது. நடுவில் அவள் வீடு மட்டும் உயிரோடு நின்றது. பக்கவாட்டில் தக்காளிப் பாத்தி. ஒவ்வொரு செடியும் ஒரு கம்பியில் சாய்த்துக் கட்டப்பட்டிருந்தது. உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அத்தனையும் வீடு வாங்குகிறவர்களின் பலகைக் கம்பிகள். பலகைகளைக் கிழித்துச் செடிக்கு அடியில் களை வராமல் போர்த்தியிருந்தாள். ‘ரொக்கம்’, ‘ஏழே நாளில்’, ‘கவலை வேண்டாம்’ என்றெல்லாம் மண்ணுக்குள் கிடந்தன.

“பதினேழு,” என்றாள் வெர்டெல், வராந்தா நாற்காலியில் இருந்தபடியே. “உன்னோடத சேத்தா பதினெட்டு. உன் கம்பி நல்ல கனம். எங்க வாங்கின?”

“எடுத்துட்டுப் போகச் சொன்னீங்களே, மிஸ் வெர்டெல்.”

“இப்ப மனசு மாறிடுச்சு. கம்பி இருக்கட்டும். நீ போ.”

அவன் போகவில்லை. வராந்தாவின் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததற்குக் காரணம் பாதி தொழில், பாதி முதுகு.

லான்சோவுக்கு நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருடம் டயர் தூக்கியவன். வசந்த காலத்தில் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் மூன்று நாள் வகுப்புக்குப் பணம் கட்டிப் போயிருந்தான். வெள்ளைச் செருப்புப் போட்ட ஒருவன் மேடையில் இப்படியும் அப்படியும் நடந்து சொல்லிக் கொடுத்தான்: வீடு வாங்கிவிற்கக் கையில் காசு வேண்டாம். விற்கிறவரிடம் ஒரு விலைக்குத் தாளில் கையெழுத்து வாங்கு. ரொக்கம் வைத்திருக்கிற வேறொருவனுக்கு அந்தத் தாளைக் கூடுதல் விலைக்குக் கைமாற்று. நடுவில் நிற்பது உன்னுடையது. அடுத்தவன் மாட்டைச் சந்தையில் விற்றுக் கொடுத்துத் தரகு வாங்குகிறவன் செய்கிற அதே வேலைதான். ஒரே வித்தியாசம், இங்கே மாட்டுக்காரனுக்குத் தரகு எவ்வளவு என்று தெரியக் கூடாது.

வகுப்பில் மூன்று விதி. விலையை முதலில் சொல்பவன் தோற்றான். ரொக்கக்காரனை வீடு பார்க்கக் கூட்டிவந்தால், விற்கிறவரிடம் ‘இவர் என் கூட்டாளி’ என்றே சொல். கடைசி விதியை லான்சோ இரண்டு கோடு போட்டு வைத்திருந்தான்: தாளில் கையெழுத்து விழும்வரை எந்த வீட்டைப் பற்றியும் எவரிடமும் வாய் திறக்காதே.

அவனுக்குத் தரகுக்காரனாகவே காலம் தள்ளும் ஆசை இல்லை. ஒரே ஒரு வீடு வேண்டும், அவ்வளவுதான். அதுவும் புது வீடு அல்ல. பதினோரு வருடமாக அவன் கீழ்த்தளத்தில் குடியிருக்கிற ஹாஸ்கெட் தெரு வீடு. மேலே ஒரு குடித்தனம், கீழே ஒரு குடித்தனம். வீட்டுக்காரர் கோவாலிக் கிழவர் விற்றுவிட்டு மனைவியோடு அரிசோனாவில் இருக்கிற மகளிடம் போகிறார். விலை ஐம்பத்தெட்டாயிரம் டாலர். “ஒம்பதாயிரம் முன்பணமா குடு, மிச்சத்த மாசா மாசம் கட்டு, செப்டம்பர் முப்பதுவரைக்கும் உனக்காக வைக்கிறேன்,” என்று சொல்லியிருந்தார். மேல்மாடி ஏப்ரலிலிருந்து காலி. அதை வாடகைக்கு விட்டால் கோவாலிக்குக் கட்டவேண்டியது அதிலேயே வந்துவிடும். கீழே சும்மா குடியிருக்கலாம். இன்னும் இரண்டு வருடத்தில் டயர் கிடங்கைத் திரும்பிப் பார்க்கவேண்டியதில்லை. மீந்துபோன ஒரு மஞ்சள் பலகையில் ‘மேல்மாடி வாடகைக்கு. மாதம் 725’ என்று இப்போதே எழுதி, கம்பியோடு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் செருகிவைத்திருந்தான். அவன் கீழ்வீட்டுக்குக் கொடுப்பது ஐந்நூறு. எழுநூற்றிருபத்தைந்து என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. பிறகு, இந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள் என்று எழுதிவிட்டான்.

இவ்வளவும் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது அவன் நெஞ்சுக்குள் இருந்தது. வாய் திறக்கவில்லை. முதல் விதி. வெர்டெலும் திறக்கவில்லை. பீன்ஸ் ஒடித்துக்கொண்டிருந்தாள். கொசு கடித்தது. ஒரு பாத்திரம் பீன்ஸ் முடிந்து அடுத்த பாத்திரம் வந்தது.

“மாடி ஏற முடியுதாங்க?” என்று கடைசியில் கேட்டான்.

“பதினாலு படி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கெட்ட வார்த்த வச்சிருக்கேன். ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற எடத்துல முப்பத்தொரு வருஷம் ஈரச் சிமெண்டுத் தரையில நின்ன முட்டி இது. பனி விழறதுக்குள்ள இந்தப் படிய விட்டு ஓடணும். அதுக்காக உனக்குச் சும்மா குடுத்துருவேன்னு நெனைக்காத.”

மீண்டும் பீன்ஸ். லான்சோவின் முதுகு முதலில் தோற்றது.

“நாப்பதாயிரம்,” என்றான்.

“நாப்பத்தொண்ணு. அந்த ஒண்ணு என் புல்ல மிதிச்சதுக்கு.”

ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி தாளில் கையெழுத்துப் போட்டாள். முப்பது நாளில் முடிக்கவேண்டும். பேனாவை அவன் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தாள்.

மறுநாளே கூட்டாளிகள் வரத் தொடங்கினார்கள்.

முதலில் வந்தவன் டார்ச் அடித்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்கி, ஏறிவரும்போது மூச்சு வாங்கினான். “இவர் என் கூட்டாளி,” என்றான் லான்சோ. வெர்டெல் தலையை ஆட்டினாள். மூன்றாம் நாள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்து, சமையலறைச் சுவரை இடிப்பதா வேண்டாமா என்று அவள் முன்னாலேயே சண்டை போட்டார்கள்.

“இவங்களும் கூட்டாளியா?”

“ஆமாங்க.”

“நீ என்ன, ஒரு ஆளா பேங்கா?”

ஐந்தாம் நாள் வந்தவன் ஸ்டான்சில். அந்த வட்டாரத்தில் நூறு வீட்டுக்குமேல் வாடகைக்கு விட்டிருக்கிறவன். இரண்டு பக்கமும் பூட்டிக் கிடந்த வீடுகள் அவனுடையவைதான் என்பது லான்சோவுக்கு அன்றுதான் தெரிந்தது. காலைத் துடைக்காமல் உள்ளே வந்தான். ஜன்னல் வழியாகத் தக்காளிப் பாத்தியைப் பார்த்து, “இத வழிச்சுட்டா மூணு கார் நிறுத்தலாம்,” என்றான்.

“மிஸ் வெர்டெல், இவர் என் கூட்டாளி,” என்றான் லான்சோ.

வெர்டெல் நாற்காலியை விட்டு எழுந்தாள். முட்டி கடகடவென்றது. நேரே ஸ்டான்சிலின் முகத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

“நீயும் கூட்டாளி. சரி. கூட்டாளிக்கு நீ எவ்வளவு குடுக்கிற இந்த வீட்டுக்கு?”

லான்சோ, “அதெல்லாம் நாங்க ஆபீஸ்ல...” என்று ஆரம்பித்தான்.

“உங்கிட்ட கேக்கல. உனக்கு ஆபீஸ் எங்க இருக்கு, அந்தக் காரா?”

ஸ்டான்சிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறர் வீட்டில் நெருப்புப் பிடித்தால் குளிர்காய்கிற ஜாதி அவன். “அம்பத்திரெண்டு,” என்றான். “ஏன், உங்களுக்கு வேற ஏதாவது சொன்னானா?”

“நாப்பத்தொண்ணு.”

“அப்ப பையன் நல்லாத்தான் படிச்சிருக்கான்.” கையிலிருந்த அளவு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான். “எனக்கு அம்பத்திரெண்டு சம்மதம். நடுவுல உள்ளத நீங்க ரெண்டு பேரும் கடிச்சுக் குதறிக்கங்க.” கதவைச் சாத்தாமல் போனான்.

வெர்டெல் போய்க் கதவைச் சாத்தினாள். சாத்தி, பூட்டினாள். சாவியைக் கழுத்துக்குள் போட்டுக்கொண்டாள்.

“உக்காரு.”

“மிஸ் வெர்டெல், இதுதாங்க இந்தத் தொழிலு. நான் ஆளக் கொண்டாந்தேன், அலைஞ்சேன், பெட்ரோல் போட்டேன்...”

“பதினோராயிரம் டாலருக்கா பெட்ரோல் போட்ட? நிலாவுக்கா போயிட்டு வந்த?”

“நீங்க சம்மதிச்ச விலைதானே? கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“போட்டேன். வீட்டக் குடுக்கிறேன்னு போட்டேன். கதவத் தொறக்கிறேன்னு போடல. உன் தாளுக்கு முப்பது நாள் ஆயுசு. முப்பது நாளும் நான் சீக்காளியா படுத்துக்குவேன். எவன் கோர்ட்டுக்குப் போனாலும் ஒரு கிழவி கட்டில்ல கெடக்கிறத ஜட்ஜு பாப்பாரு. நிலவறையில பைப்பத் தொறந்து விட்டேன்னா நாளைக்கே கொளம். உன் ஸ்டான்சில் அம்பத்திரெண்டு என்ன, அஞ்சு காசு குடுக்கமாட்டான். செய்வேனா மாட்டேனா, சொல்லு.”

செய்வாள். பதினெட்டுக் கம்பியைப் பிடுங்கிச் செடி கட்டியவள் எதையும் செய்வாள்.  தேதி ஓடிக்கொண்டிருந்தது. இதைத் தவிர அவனிடம் வேறு வீடும் இல்லை, வேறு போனும் வரவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் அவனுக்குப் புத்தி பிசகியது. இரக்கப்படுவாள் என்று நினைத்துவிட்டான்.

“நான் ஒண்ணும் சொகுசுக்குக் கேக்கலங்க,” என்றான். “எனக்கு ஒரு வீடு வேணும். நான் குடியிருக்கிற வீடு. ஹாஸ்கெட் தெரு. கோவாலிக்குன்னு கிழவரு, வித்துட்டு அரிசோனா போறாரு. பொண்டாட்டிக்கு இந்த ஊர்க் குளிரு ஆகல, அவசரத்துல இருக்காரு. அம்பத்தெட்டுக்குக் குடுக்கிறேன்னாரு. முப்பதாம் தேதிக்குள்ள ஒம்பதாயிரம் வைக்கணும். இல்லேன்னா யாரு வாங்குறானோ அவன் என்னைத் தூக்கி வெளிய போடுவான். பதினோரு வருஷம் இருந்த வீடுங்க.”

 வெர்டெல் மேசை மேலிருந்த ஒரு தக்காளியை எடுத்துத் துடைத்தாள்.

“தாளு போட்டுட்டியா அவருகிட்ட?”

“இல்லீங்க. வாய்ப்பேச்சுதான். நல்ல மனுஷன்.”

“அம்பத்தெட்டுக்குப் பெறுமா?”

“பெறும். நிலவறையில வசந்தத்துல கொஞ்சம் தண்ணி ஏறும், அத அவரு யாருக்கும் சொல்றதில்ல. மத்தபடி கெட்டி வீடு. போன வருஷம்தான் கூரை போட்டாரு.”

“நீ மேலயா கீழயா?”

“கீழங்க. மேல காலி.”

“கீழ்வீட்டுக்குப் படி எத்தனை?”

“மூணே மூணு. அதுவும் அகலப் படி.”

சொல்லும்போதே, கிழவி நம் கதையைக் காதில் போட்டுக்கொள்கிறாள், மனம் இளகுகிறது என்று அவனுக்குத் தோன்றியது. தவளை தன் வாயால் கெட்டதை அவன் கேள்விப்பட்டதில்லை போலும்.

“பாதி,” என்றாள் வெர்டெல். “பதினொண்ணுல பாதி எனக்கு. தாள்ல எழுது. எழுதாட்டி பைப்பு.”

“அஞ்சரை போனா எனக்கு ஒம்பது எப்படிங்க தேறும்?”

“அது உனக்கும் உன் நல்ல மனுஷனுக்கும் உள்ள பேச்சு. இங்க எழுது.”

எழுதினான். அவள் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். ஒரு தக்காளியைக்கூடக் கொடுக்கவில்லை.

செப்டம்பர் இருபத்தாறு, வெள்ளிக்கிழமை காலை, பத்திரம் பார்க்கும் அலுவலகத்தில் எல்லாம் முடிந்தது. ஸ்டான்சில் வரவில்லை, ஆளை அனுப்பியிருந்தான். வெர்டெல் தேவாலயத்துக்குப் போகிற தொப்பி போட்டு வந்திருந்தாள். ஒவ்வொரு தாளையும் மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தாள். அலுவலகப் பெண் கடிகாரத்தைப் பார்த்தபோது, “உனக்கு நேரமானா போ, பேனாவ வச்சுட்டுப் போ,” என்றாள். லான்சோவின் காசோலை ஐயாயிரத்து ஐந்நூறு. கிடங்கில் நான்கு மாதம் டயர் தூக்கினாலும் கையில் மிஞ்சாத பணம் அது. இருந்தாலும் போதாத பணம்.

வாசலில் நின்று, “எங்கங்க போகப்போறீங்க?” என்று கேட்டான். மரியாதைக்குத்தான் கேட்டான்.

“படி இல்லாத எடத்துக்கு,” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

சனிக்கிழமை காலை கோவாலிக்கின் வீட்டுக்குப் போனான். கிழவர் கராஜில் அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“மிஸ்டர் கோவாலிக், அஞ்சரை இருக்கு. மிச்சம் மூணரைய டிசம்பருக்குள்ள கட்டிடுறேன். வட்டி வேணும்னாலும் போட்டுக்கங்க.”

“வித்தாச்சு,” என்றார் கோவாலிக். டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“என்னங்க?”

“நேத்து மத்தியானம். முழு ரொக்கம். தவணை, டிசம்பர், அஞ்சரைன்னு ஒரு பேச்சும் இல்ல.”

“முப்பது வரைக்கும் வைக்கிறேன்னு சொன்னீங்களே! இன்னிக்கு இருவத்தேழுதான!”

“சொன்னேன். வாயால சொன்னேன். ஏம்ப்பா, ரெண்டு மாசமா வாடகை குடுக்க வர்றப்பல்லாம் எனக்குப் பாடம் எடுத்தியே, தாளுதான் எல்லாம், கையெழுத்துதான் எல்லாம்னு. கையெழுத்தோட ஒரு ஆளு வந்துச்சு, குடுத்துட்டேன்.” தாடையால் அடுத்த பெட்டியைச் சுட்டினார். “அந்தப் பக்கத்தப் புடி. சும்மாதான நிக்கிற.”

லான்சோ பிடிக்கவில்லை. “யாரு வாங்கினது?”

“உன்ன மாதிரி ஆளு இல்ல. வந்த ஒடனே நிலவறைக்கு எறங்கணும்னு நின்னுச்சு. முட்டியப் புடிச்சுக்கிட்டே எறங்கி, சுவத்துல தண்ணி நின்ன கோட்டத் தடவிப் பாத்து மூணாயிரம் கொறச்சிடுச்சு. அது எப்படித்தான் தெரிஞ்சுதோ.”

அந்த ‘முட்டி’ லான்சோவின் காதில் விழுந்தது, மண்டையில் விழவில்லை. கோபத்தில் இருந்தான். வீட்டுக்கு வந்து ஷூவைச் சுவரில் எறிந்தான். வாங்கினவன் எவனோ, அவன் வரட்டும் என்று கறுவினான். வருகிறவனை எப்படி வரவேற்பது என்பதை வெர்டெலிடமே பார்த்துக் கற்றிருந்தான். நிலவறையைக் காட்டுவேன். பாய்லர் இருமுவதைக் கேட்கவைப்பேன். மேல்மாடிக் குழாயில் பழுப்புத் தண்ணீரைப் பிடித்து அவன் கண்ணெதிரே ஒரு கிளாஸ் ஊற்றிவைப்பேன். கதவைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சமையலறையில் உட்கார்ந்து, வீட்டின் ஒவ்வொரு நோயையும் மனப்பாடம் செய்தான்.

திங்கட்கிழமை மாலை கதவு தட்டப்பட்டது. வெடுக்கென்று திறந்தான்.

தொப்பி. தொப்பிக்குக் கீழே வெர்டெல் கேதர், கையில் ஊன்றுகோல். அவளுக்குப் பின்னால் வாசலை மறைத்துக்கொண்டு ஒரு முரட்டு ஆள், கையில் அளவு டேப்.

“மூணு படிதான்,” என்றாள் வெர்டெல், மூச்சு வாங்காமல். “நீ பொய் சொல்லல.”

லான்சோ கதவுப் பிடியை விடவில்லை.

“இவன் என் அக்கா மகன் தர்மண்ட். தச்சு வேல செய்யிறான். உனக்கு எப்படிச் சொன்னா வெளங்கும்? இவன் என் கூட்டாளி.”

தர்மண்ட் காலைத் துடைத்துவிட்டு உள்ளே வந்து, சமையலறை நீளத்தை அளக்க ஆரம்பித்தான்.

“இது என் வீடுங்க,” என்றான் லான்சோ. அவன் மனப்பாடம் செய்ததில் இது இல்லை.

“உன் வீடா? தாளு காட்டு.”

“உங்ககிட்ட ஒரு கஷ்டத்துக்குச் சொன்னேன். நம்பிச் சொன்னேன். இப்படியா பண்ணுவீங்க?”

“நம்பி? நீ என்னை நம்பியா சொன்ன? பதினோராயிரத்துக்கும் உன் பசிக்கும் நடுவுல நான் குறுக்க நின்னேன், நகரட்டும்னு சொன்ன.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் எப்போதும் உட்காருகிற நாற்காலி அது. “முப்பத்தொரு வருஷம் துணி துவைச்சுச் சேத்ததும், வீடு வித்ததும், உன் பாதியும் சேந்து அம்பத்தஞ்சு. ரொக்கம். கிழவன் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரெண்டு தரம் எண்ணினான்.”

“நிலவறையில தண்ணி ஏறும்,” என்றான் லான்சோ.

“தெரியும். நீதான் சொன்ன. மூணாயிரம் அதுலதான் கொறஞ்சுது. பாய்லரு இருமும். மேல கொழாயில பழுப்பாத் தண்ணி வரும். நீ கிடங்குல இருந்தப்ப தர்மண்டு மேல ஏறி எல்லாம் பாத்துட்டான். இன்னும் ஏதாச்சும் இருந்தா சொல்லு. தர்மண்டு எழுதிக்குவான்.”

தர்மண்ட் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தயாராக நின்றான்.

லான்சோ சுவரில் சாய்ந்தான். பதினோரு வருடத்தில் தன் முதுகு அந்தச் சுவரில் தேய்த்து உண்டாக்கிய எண்ணெய்க் கறை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே அவனுக்குத் தெரியும்.

“எப்ப நான் வெளிய போகணும்?”

“போன்னு யாரு சொன்னா? காலி வீட்ட வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? கீழ எனக்கு வேணும். மேல நீ போ. டயரு தூக்கிறவனுக்குப் படி ஏறத் தெம்பு இருக்கும்.”

“மேலயா? பதினாறு படிங்க. என் முதுகு...”

“ஒவ்வொண்ணுக்கும் ஒரு கெட்ட வார்த்த வச்சுக்க. என்கிட்டயே பதினாலு இருக்கு, தர்றேன். ரெண்டுதான் நீ புதுசா தேடணும்.”

தர்மண்ட் அளவு எடுக்க ஃபிரிட்ஜைப் பிடித்து ஒரு இழு இழுத்தான். பின்னாலிருந்து மஞ்சள் பலகை சரிந்து, எழுத்துப் பக்கம் மேலே தெரியத் தரையில் விழுந்தது. லான்சோ குனிவதற்குள் வெர்டெல் தன் ஊன்றுகோலால் அதை இழுத்துக்கொண்டாள். மடியில் வைத்து, பத்திரத்தைப் படித்த மாதிரியே விரல் வைத்துப் படித்தாள்.

“மேல்மாடி வாடகைக்கு. மாதம் எழுநூத்தி இருவத்தஞ்சு.” நிமிர்ந்தாள். “யாரு போட்ட ரேட்டு இது?”

லான்சோ ஃபிரிட்ஜைப் பழைய இடத்துக்குத் தள்ளினான்.

“ஏலே தர்மண்டு, இது யாரு கையெழுத்து? நம்ம தக்காளிக்கு அடியில கெடக்கிற அதே எழுத்துதான?”

“அதே எழுத்துதான் சித்தி.”

“நான் இங்க ஐந்நூறுதாங்க குடுத்துட்டிருந்தேன்,” என்றான் லான்சோ.

“அது கீழ்வீடு. கிழவன் போட்டது. இது மேல்வீடு. நீ போட்டது. எவனோ ஒருத்தன் எழுநூத்தி இருவத்தஞ்சு குடுப்பான்னு நீதான கணக்குப் போட்டு எழுதி வச்சிருக்க? நியாயமான ரேட்டுதான். நான் ஒரு காசு கூட்டப்போறதில்ல.” கட்டைவிரலால் கம்பியின் கனத்தைச் சோதித்துப் பார்த்து, பலகையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். “ஒண்ணாந் தேதி புதன்கெழம. அதுக்குள்ள சாமான ஏத்திடு. இந்தக் கம்பிய நான் எடுத்துக்கிறேன். கொல்லையில வெயிலு எந்தப் பக்கம் விழுது?”

“தெக்குப் பக்கம்,” என்றான் லான்சோ.

சொன்ன பிறகுதான் உதட்டைக் கடித்துக்கொண்டான்.